மடிமேல் வைத்த கைகள்

சமவெளிச் சுவடுகள் – 23

முனியப்பன் எப்படி இருப்பார் என்று சேலம், நாமக்கல் பக்கத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முறுக்கிய மீசை, பிதுங்கிய விழி, ஓங்கிய அரிவாள். ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கவிட்டு, வருகிறவனை 'யாரடா நீ' என்று கேட்கிற தோரணையில் உட்கார்ந்திருப்பார். ஏரிக்கரையில், வாய்க்கால் மேட்டில், தார்ச்சாலை வளைவில் என்று காவல் தேவைப்படும் இடங்களில்தான் அவருக்கு இருப்பு.

பெரியேரி கிராமத்து முனியப்பன் மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. மீசை இல்லை, அரிவாள் இல்லை, மிரட்டல் இல்லை. தாமரைப் பீடத்தில் சம்மணமிட்டு, இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக மடியில் வைத்திருக்கிறார். தலை ஒருகாலத்தில் துண்டாகி, பிற்பாடு சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டப்பட்டது. அதனால்தான் 'தலைவெட்டி முனியப்பன்' என்ற பெயர். யார் வெட்டினார்கள், எப்போது என்பதற்கு ஆவணம் இல்லை. ஆனால் வெட்டு நடந்தது என்ற செய்தியை ஊர் தன் சாமியின் பெயரிலேயே பாதுகாத்து வைத்தது. கல்வெட்டைவிட உறுதியான சாட்சி இது என்பேன்.

2011இல் சேலத்தில் இயங்கும் புத்தர் அறக்கட்டளை ஒன்று, இது புத்தர் சிலை என்று சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் தொல்லியல் துறையை நேரில் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. சுருள்முடி, உச்சியில் புடைப்பு, தொங்கும் காதுமடல், அர்த்த பத்மாசனம், தியான முத்திரை என்று அறிக்கை அடுக்கியது. 2022 ஜூலையில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், சிலை புத்தருடையது, தவறான அடையாளம் தொடரக்கூடாது, இடத்தைத் தொல்லியல் துறை பராமரிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். மக்கள் வந்து பார்க்கலாம், பூசை கூடாது என்பதும் உத்தரவில் இருந்தது.

சிலை யாருடையது என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் விடை கிடைத்தது. இந்த வாரம் நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. அப்படிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த உருவம் என்ன செய்துகொண்டிருக்கிறது? அதை இன்று மனநல மருத்துவர்கள் ஏன் நோயாளிகளிடம் செய்யச் சொல்கிறார்கள்? நடுவில் அது எங்கே போயிருந்தது?

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். இரவில் திடுக்கிட்டு எழுந்து அலறுவேனாம். 'பயந்த கோளாறு, வேறொண்ணுமில்ல' என்று அம்மாயி என்னை இழுத்துக்கொண்டு எங்கள் பக்கத்து முனியப்பன் கோயிலுக்குப் போனார். பூசாரி வேப்பிலையால் தலையைத் தடவி, திருநீறு ஊதி, கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். திரும்பும் வழியில் அம்மாயி கேட்டார்: 'இப்ப எப்பிடி கண்ணு இருக்குது?' நன்றாகத்தான் இருந்தது. அந்த இருட்டில் என்னைக் கூட்டிப்போக ஒரு ஆள் இருந்ததே, அதுதான் வேலை செய்திருக்க வேண்டும் என்று இன்று தோன்றுகிறது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரின் முத்துசாமி கோயிலில் தங்கிக் குணம் தேடிய 31 பேரை பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்து மருத்துவர்கள் அளந்து பார்த்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து கொடுக்காமலே, நோய்க்குறிகளின் அளவெண் ஏறத்தாழ இருபது சதவீதம் இறங்கியிருந்தது. பரிவான இடமும் கட்டாயமில்லாத சூழலும் உதவியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா ஊரான ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிப்போனார்கள். கோயிலும் தர்காவும் மனநோய்க்கு நல்லதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பெரியேரிக்கு வந்தவர்களும் தலைவலி, பயம், தூக்கமின்மை, வீட்டுச் சச்சரவு என்றுதான் வந்திருப்பார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் மனதைப் பார்த்துக்கொண்டே அதைத் தணிப்பது எப்படி என்று ஒரு முறையையே வகுத்தவர். அது அவர்களுக்குத் தெரியாது.

இதே மாவட்டத்தில் இன்னொரு தடம் இருக்கிறது. ஆத்தூரைத் தாண்டி தலைவாசல் பக்கம் தியாகனூர். அங்கே இரண்டு பெரிய புத்தர் சிலைகள், இரண்டும் அமர்ந்த தியானக் கோலம். அந்த ஊரார் அவரைப் புத்தர் என்றே அறிவார்கள். தியான மண்டபமும் எழுந்திருக்கிறது. பக்கத்து ஆறகழூர் மகதை மண்டலத்தின் தலைநகர், வாணகோவரையர்களின் ஊர். வசிஷ்ட நதிக்கரையில் பௌத்தம் நன்றாகவே வேரூன்றியிருந்தது என்பதற்கு அவ்வளவு கனமான கல்லே போதும். அவ்வளவு பெரிய சிலையை ஒரு வழிப்போக்குத் துறவிக்காக யாரும் செதுக்க மாட்டார்கள்.

சிலை இருந்த இடத்தில் பயிற்சி எப்படி இருந்தது? சமவெளியில் இதற்கு ஏடு கிடைக்கவில்லை. ஆனால் நம் மேட்டூரைத் தாண்டி, பரமத்திவேலூர், மோகனூர் கரைகளைத் தொட்டு ஓடும் காவிரி போய்ச் சேரும் உறையூரிலிருந்து ஒருவர் கிளம்பினார். பெயர் புத்ததத்தர். காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து பாலி மொழியில் அபிதம்ம நூல் எழுதினார். அவர் காலத்தவராகச் சொல்லப்படும் புத்தகோசர், காஞ்சிபுரத்திலும் மயூரபட்டினத்திலும் தங்கியதைத் தானே குறித்திருக்கிறார். 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் அவர் எழுதிய விசுத்திமக்கம்தான் தேரவாத உலகம் இன்றுவரை கையில் வைத்திருக்கும் தியானக் கையேடு. அதற்கு உரை எழுதிய தம்மபாலரும் தென்னிந்தியக் கடற்கரைக்காரர்.

விசுத்திமக்கத்தைப் புரட்டுகிற எவரும் ஓரிடத்தில் நின்றுவிடுவார்கள். தியானத்துக்கு நாற்பது பொருள்களை எண்ணிவைத்த பிறகு, எல்லோருக்கும் எல்லாம் ஆகாது என்கிறார் ஆசிரியர். மனிதர்களை ஆறு சுபாவமாகப் பிரிக்கிறார்: ஆசைக்காரர், கோபக்காரர், மயக்கத்தில் இருப்பவர், பக்திமான், அறிவாளி, ஓயாமல் யோசிப்பவர். ஆசைக்காரருக்குப் பிணத்தின் சிதைவைச் சிந்திக்கக் கொடு. கோபக்காரருக்கு அதைக் கொடுக்காதே, அன்பு பரப்பும் பயிற்சியும் இனிய நிறங்களும் கொடு. ஓயாமல் யோசிப்பவருக்கு மூச்சு. தங்கும் அறைக்குக்கூட விதி உண்டு: ஆசைக்காரருக்கு ஒட்டடை பிடித்த திண்ணை, கோபக்காரருக்குக் காற்றோட்டமான நல்ல அறை. ஆளைப் பார்த்துத்தான் மருந்து. நடந்துகொள்ளும் விதம், உண்ணும் விதம், பெருக்கும் விதம் எல்லாவற்றையும் கவனித்து ஆசிரியர் முடிவு செய்ய வேண்டும். பெருக்கும்போது கோபக்காரர் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்து இரு பக்கமும் மண்ணைக் கிளப்புவாராம். இதை எழுதியவர் வீட்டு வேலையை நன்றாக வேடிக்கை பார்த்தவர் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பிறகு தமிழகத்தில் பௌத்தம் தேய்ந்தது. அந்தக் கதையைத் தொடரின் முந்தைய பகுதிகளில் பார்த்துவிட்டோம். சமவெளியில் மிஞ்சியது உருவம். அதைப் பார்த்துக் கற்கவேண்டிய பயிற்சி, கடல் கடந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் போய், அங்கேயும் பெரும்பாலும் மடங்களுக்குள் அடங்கிவிட்டது.

பர்மாவில் அதை வெளியே கொண்டுவந்தது ஆங்கிலேயர் படையெடுப்பு என்றால் வியப்பாக இருக்கும். 1885இல் மண்டலே விழுந்தது, அரசன் நாடு கடத்தப்பட்டான். அரசனின்றிப் பௌத்தம் அழியும் என்று அஞ்சிய லெடி சயாடோ போன்ற துறவிகள், காக்கும் பொறுப்பை இல்லறத்தாரிடமே கொடுக்கத் துணிந்து, குடியானவனுக்கும் தியானம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் வந்தவர் ஊ பா கின். துறவி அல்ல, பர்மா அரசின் கணக்குத் துறைத் தலைவர். அவரிடம் 1955இல் ஓர் இந்திய வணிகர் போனார். மண்டலேயில் பிறந்த சத்ய நாராயண் கோயங்கா. கடுமையான ஒற்றைத் தலைவலி, வலிக்கு மார்ஃபின் ஊசி, அதற்கே அடிமையாகிவிடும் பயம். உலகம் சுற்றி மருத்துவம் பார்த்தும் குணமில்லை.

அந்தச் சந்திப்பைக் கோயங்கா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். தலைவலியைத் தீர்க்கத்தான் வந்தேன் என்றதும் ஊ பா கின் சேர்த்துக்கொள்ள மறுத்தாராம். மனத் தூய்மைக்காக வந்தால் வா, தலைவலி போவது அதன் பக்கவிளைவாக இருக்கட்டும், அதையே குறியாக வைத்து இந்த வழியின் மதிப்பைக் குறைக்காதே என்பது அவர் நிலை. இந்தத் தொடரின் இந்தப் பகுதிக்கு மையம் இந்த மறுப்புதான். தியானம் தலைவலிக்கா, விடுதலைக்கா? மேற்கு ஒரு விடையைத் தேர்ந்தெடுத்தது. பெரியேரி மக்கள், கேள்வியே தெரியாமல், அதே விடையை அதற்கு முன்பே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

1969இல் கோயங்கா இந்தியா வந்து பம்பாயில் முதல் பத்து நாள் விபஸ்ஸனா வகுப்பு நடத்தினார். 1976இல் இகத்புரி மையம். 1994இல் திகார் சிறையில் ஆயிரம் கைதிகளுக்கு மேல் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். அந்தப் பயிற்சி இன்று சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்திலும் நடக்கிறது. காஞ்சியில் தங்கியவர் இலங்கையில் எழுதிய நெறி, பர்மாவில் வளர்ந்து, மார்வாடி ஒருவர் வழியாகக் காஞ்சிக்கு அருகேயே வந்து இறங்கியது. சுற்றுவழியில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

மேற்கின் வழி வேறு. மனத்தின் அடித்தளத்தைத் தோண்டும் ஃப்ராய்டின் முறை, தமிழுக்கு நம் பக்கத்து ஆள் வழியாகத்தான் வந்தது. ஈரோடு வட்டாரத்து மஞ்சக்காட்டுவலசைச் சேர்ந்த பெரியசாமித் தூரன், கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளை உருவாக்கிய அதே தூரன், 'அடிமனம்', 'மனமும் அதன் விளக்கமும்', 'தாழ்வு மனப்பான்மை' என்று வரிசையாக எழுதினார். இன்னொரு நூலுக்கு 'மனம் என்னும் மாயக் குரங்கு' என்று பெயர் வைத்தார். மனத்தைக் குரங்காகப் பார்ப்பது பௌத்தத்தின் பழைய உவமை. ஐரோப்பியக் கோட்பாட்டை விளக்க அவருக்கு அந்தக் குரங்குதான் கை கொடுத்தது.

இரண்டு மரபுகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தது 1957இல் மெக்சிகோவின் குவெர்னவாக்காவில். ஜப்பானிய ஜென் அறிஞர் டி.டி.சுசுகியும் உளப்பகுப்பாய்வாளர் எரிக் ஃப்ராமும் கூடிப் பேசினார்கள், 1960இல் நூல் வந்தது. அது பெரும்பாலும் தத்துவப் பேச்சு. எனக்கு அதைவிடப் பிடித்தவர் இலங்கை உளவியலர் பத்மல் டி சில்வா. லண்டனில் நடத்தைச் சிகிச்சை செய்துகொண்டிருந்த அவர், 1984இல் பாலி நூல்களைத் திறந்து, உங்கள் உத்திகள் பல இங்கே ஏற்கெனவே இருக்கின்றன என்று சக மருத்துவர்களுக்குக் காட்டினார். வேண்டாத எண்ணம் விடாமல் வந்தால் என்ன செய்வது என்று மஜ்ஜிம நிகாயத்தில் ஒரு சூத்திரம் ஐந்து படிகள் சொல்கிறது: வேறொரு நல்ல எண்ணத்துக்கு மாறு, அந்த எண்ணத்தின் கேட்டை நினை, கண்டுகொள்ளாதே, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பின்னோக்கிப் போ, எதுவும் ஆகாவிட்டால் பல்லைக் கடித்து அடக்கு. முதல் படிக்கு உவமை, தச்சர் ஒரு முளையால் இன்னொரு முளையை அடித்து வெளியேற்றுவது. மருத்துவமனைக் கட்டுரையில் தச்சரின் முளை வந்து உட்கார்ந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்து வந்தன.

1979இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், மருத்துவம் கைவிட்ட நாள்பட்ட வலிக்காரர்களுக்குச் சில வாரப் பயிற்சி தொடங்கினார். அவர் மூலக்கூறு உயிரியல் படித்தவர், ஜென்னும் விபஸ்ஸனாவும் பயின்றவர். மூச்சைக் கவனி, உடலைக் கால் முதல் தலைவரை கவனி, ஒரே ஒரு உலர்திராட்சையை ஐந்து நிமிடம் மென்று பார். (நம் ஊரில் நிலக்கடலை போதும்.) எல்லாம் இருந்தது, புத்தர் பெயர் மட்டும் இல்லை. வேண்டுமென்றே எடுத்துவிட்டார். பெயர் இருந்தால் அமெரிக்க நோயாளி வரமாட்டார் என்பது அவர் கணக்கு. பெரியேரியில் பெயர் தெரியாமல் கும்பிட்டார்கள், அங்கே பெயர் தெரிந்தே மறைத்தார்கள். நம்மிடம் கல் தங்கியது, அவர்களிடம் மூச்சு போனது. எது பெரிய இழப்பு என்று கேட்டால், நமக்குத்தான் என்பேன்.

அதற்கு அடுத்த அடி அளவுகோலோடு வைக்கப்பட்டது. உளவியலர்கள் டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் மூவரும் எண்ணத்தைச் சீரமைக்கும் அறிதல்சார் சிகிச்சையோடு கபாட்-ஜின்னின் பயிற்சியைக் கலந்து, மனச்சோர்விலிருந்து மீண்ட 145 பேரிடம் சோதித்தார்கள். 2000இல் முடிவு வந்தது. மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றோரில் 37 சதவீதம். ஆனால் இரண்டு முறை மட்டும் வந்தவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை. இந்த இரண்டாவது வரியைத் தியான வியாபாரிகள் சொல்வதே இல்லை. ஆளைப் பார்த்துத்தான் மருந்து என்று புத்தகோசர் எழுதியதை கேம்பிரிட்ஜும் டொரண்டோவும் எண்ணோடு கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இதே நாள்களில் நம் சமவெளியில் நடந்த இன்னொரு கலப்பைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி, 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய மனவளக்கலை பௌத்தம் அல்ல, குண்டலினி வழி. ஆனால் தியானத்தோடு 'அகத்தாய்வு' என்று ஒரு பயிற்சியைச் சேர்த்தார். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல். நோட்டை எடுத்து, யார்மேல் கோபம் என்று பட்டியல் போட வேண்டும். கவலைகளை நான்காகப் பிரிக்க வேண்டும்: அனுபவித்தே தீரவேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்யவேண்டியவை, உடனே தீர்க்கவேண்டியவை. உளவியல் மருத்துவர் தரும் வீட்டுப்பாடத் தாளுக்கும் இதற்கும் உறவு நெருக்கம். ஆல்ஃபா, தீட்டா என்று மூளையலைப் பெயர்களையும் அவர் எடுத்துக்கொண்டார், அதை நான் அறிவியல் என்று ஏற்க மாட்டேன். ஆனால் ஒரு தறிக்காரர் மனதைப் பாவு, ஊடை போலப் பிரித்து வைத்துப் பார்க்கச் சொன்னது, தறி ஓசையோடு வளர்ந்த சேலம், நாமக்கல் மக்களுக்குப் புரிந்தது. ஊருக்கு ஊர் மனவளக்கலை மையமான அறிவுத்திருக்கோயில் வந்தது அப்படித்தான்.

இன்று யாருக்கு இது தேவைப்படுகிறது? நாமக்கல் லாரிக்காரர் தொடர்ந்து இரண்டு இரவு ஓட்டிவிட்டு மூன்றாம் இரவு தூங்க முடியாமல் படுத்திருக்கிறார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிப் பையன் ஆறு மாதம் ஊர் பார்க்காமல் ராஜஸ்தானில் ஆழ்துளை போடுகிறான். ராசிபுரத்தைச் சுற்றியுள்ள விடுதிப் பள்ளிகளில் அதிகாலை எழுந்து படிக்கும் பிள்ளைக்கு ஊர் வைத்த பெயர் பிராய்லர் கோழி. கோழிப்பண்ணை நடத்தும் ஊரில் அந்தப் பெயரின் கொடுமை எல்லோருக்கும் தெரியும், இருந்தும் சேர்க்கிறோம். அந்தப் பிள்ளைக்கு மூச்சைக் கவனி என்று சொல்லிவிட்டுப் பாடநேரத்தை ஒரு நிமிடம்கூடக் குறைக்காமல் இருப்பது தியானத்துக்கும் அவமானம், மருத்துவத்துக்கும் அவமானம்.

இன்னொன்று. பத்து நாள் மௌனப் பயிற்சி எல்லோருக்கும் ஆகாது. கடும் மனநோய் உள்ளவர்கள் பற்றி அந்த மையங்களே விண்ணப்பத்தில் கேட்கின்றன, மறைத்துப் போகிறவர்கள் துன்பப்படுகிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியானத்தில் உட்காரச் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம். அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022இல் தொடங்கிய டெலி மனஸ் எண் 14416க்கு இரவிலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

கடைசியாக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ முனியப்பன், சடையப்பன், மொட்டைச்சாமி என்று ஏதாவது பெயரில் ஒரு கல் உருவம் உட்கார்ந்திருக்கலாம். எண்ணெயும் சந்தனமும் அப்பியிருக்கும். அதைச் சுரண்டாதீர்கள், நகர்த்தாதீர்கள், சண்டையும் வேண்டாம். கைகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். இரண்டும் மடியில் இருந்தால் ஊர்ப் பெயரோடு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

(தொடரும்)